காயம்பட்ட பெருமீன்களுக்கு நடுவே ஒரு முக்குளிப்பு நாள்: படகேறும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கடலில் பெருமீன்களைப் பார்ப்பதற்கென்றே படகில் செல்லும் முக்குளிப்புப் பயணத்துக்கு நான் பல மாதங்கள் தயாரானேன். திமிங்கலச் சுறா எந்தப் பருவத்தில் மேல்மட்டத்துக்கு வரும், மாண்டா எனப்படும் ஆனைத்திருக்கை எந்த ஆழத்தில் நின்று தன் உடலைச் சுத்தம் செய்துகொள்ளும், எந்தக் கேமராவில் நீலம் சரியாக விழும் என்றெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். அந்த மீன் காயத்தோடு வந்து நின்றால் முக்குளிப்பவர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைப் பற்றி மட்டும் நான் படித்த எதிலும் ஒரு வரி கூட இல்லை. தனியாகப் போயிருந்ததால் அங்கே கலந்து பேசவும் எனக்கு ஆள் இல்லை. அந்த ஒரு நாளில் கட்டிய பணத்தில் ஒரு பகுதியும், திரும்புவதற்கு எடுத்து வைத்திருந்த விமானச் சீட்டும் போயின. அதைவிட, பல இரவுகள் தூக்கம் போயிற்று. இதே ஆசையோடு கிளம்பப்போகும் ஒருவருக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

படகில் ஏறியதும் தனியாக வந்தவர்களை ஜோடி சேர்த்தார்கள். எனக்கு ஜோடியாக அமைந்தவர் நிறைய அனுபவம் உள்ளவர். காலில் கத்தி கட்டியிருந்தார். அவருடைய காற்று அளவுமானி எங்கே தொங்குகிறது, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் மாற்று ரெகுலேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, அவர் எனக்கு எவ்வளவு தூரத்துக்குள் இருப்பார் என்பவற்றை இறங்கும் முன் பேசிக்கொண்டோம். மற்றவர்கள் அவசரப்படுத்தினாலும் இந்த ஐந்து நிமிடப் பேச்சை யாரும் விட்டுவிட வேண்டாம். அன்று பிற்பகல் எங்கள் இருவரையும் கரைசேர்த்தது அதுதான்.

முதல் முக்குளிப்பில், இறங்கிச் சற்று நேரத்துக்குள்ளேயே திமிங்கலச் சுறா வந்துவிட்டது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளம் இருக்கும். திமிங்கலச் சுறாக்கள் 18 மீட்டர் வரை கூட வளரக்கூடியவை என்பதால் இது வளரும் வயதில் உள்ள மீன் என்று புரிந்துகொண்டேன். எதிர்ப்புறமிருந்து வந்தபோது அகன்ற வாயும் முதுகின் வெண்புள்ளிகளும் மட்டுமே கண்ணில் பட்டன. அது என்னைக் கடந்து திரும்பியபோதுதான் முதுகுச் செட்டைக்குச் சற்று முன்னால் வரிசையாக ஐந்து வெட்டுகளைப் பார்த்தேன். ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில், அரிவாளால் அளந்து வெட்டியதைப் போல் இருந்தன. முதுகுச் செட்டையின் நுனியும் இல்லை. ஆனால் அது பழைய காயம், விளிம்பு மழுங்கி ஆறியிருந்தது. ஆழம் கூடக் கூட நீர் முதலில் சிவப்பு நிறத்தைத்தான் விழுங்கிவிடும் என்பதால் புதிய வெட்டுகளில் சிவப்பே தெரியவில்லை. தோல் பிளந்த இடத்தில் வெளிறிய சதையும், அதன் அடியில் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு கருமையும் தெரிந்தன. கையிலிருந்த விளக்கின் ஒளி ஒரு கணம் அதன் மேல் பட்டதும் அந்தக் கருமை முழுவதும் சிவப்பாக மாறியது. அடி வயிற்றில் யாரோ குத்தியது போன்ற உணர்வு. அழுகை வந்தது, முகக் கண்ணாடிக்குள் அழுதால் பார்வை மங்கும் என்பதால் அதை அடக்கிக்கொள்ளத்தான் முதலில் பாடுபட வேண்டியிருந்தது.

சம இடைவெளியில் இணையாக விழும் வெட்டுகள் படகின் ப்ரொப்பல்லர் ஏற்படுத்துபவை. திமிங்கலச் சுறா மீன் இனம்தான், மூச்சு வாங்க மேலே வர வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஆனால் அது தின்னும் மிதவை உயிரிகளும் மீன் முட்டைகளும் மேல்மட்டத்தில் திரளும்போது அதுவும் மேலே வந்து, வாயைத் திறந்தபடி மெதுவாக நீந்துகிறது. படகின் வேகத்துக்கு விலகத் தெரியாது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களின் நடமாட்டத்தைப் பெருங்கப்பல்களின் வழித்தடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவை உலவும் பரப்பில் மிகப் பெரும்பகுதி கப்பல் பாதைகளின் மேல்தான் விழுகிறது என்று காட்டியது. மோதி இறந்த திமிங்கலச் சுறா மிதக்காமல் மூழ்கிவிடுவதால் எத்தனை இறக்கின்றன என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. நம் முன்னால் காயத்தோடு வருவது, மோதலுக்குப் பிறகும் பிழைத்த ஒன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-ல் இந்த இனத்தை அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்ததற்கு மீன்பிடித்தலோடு இந்த மோதல்களும் ஒரு காரணம்.

அந்த நேரத்தில் என்னைத் தேற்றியது எங்கள் குழுவை நீருக்குள் வழிநடத்திய டைவ் மாஸ்டர் நடந்துகொண்ட விதம். அவர் காயத்தை நோக்கிப் போகவே இல்லை. மீனுக்குப் பக்கவாட்டில், அதன் வேகத்துக்கு இணையாக, 3 மீட்டருக்கு மேல் விலகி நீந்தி, இடப்பக்கத்தில் ஐந்தாவது செவுள் பிளவுக்குப் பின்னால், பக்கச் செட்டைக்கு மேலே உள்ள பகுதியை முதலில், புள்ளிகளை வைத்து மீனை அடையாளம் காண்பதற்காக, ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்தார். பிறகு காயங்களை ஒரு முறை, வாலை ஒரு முறை, அடிப்பகுதியை ஒரு முறை எடுத்துவிட்டு விலகிவிட்டார். உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் என்பது பல கடற்பகுதிகளில் கடைப்பிடிக்கப்படும் இடைவெளி. வால் ஒரு வீச்சில் ஆளைப் புரட்டிவிடும் என்பதால்தான் அங்கே கூடுதலாக ஒரு மீட்டர். தொட்டால் ஆறுதலாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மீனின் தோல்மேல் இருக்கும் கோழைப் படலம்தான் கிருமிகளைத் தடுக்கும் முதல் காவல், காயம்பட்ட மீனுக்கு அது இன்னும் தேவை. கை பட்டால் அது அழிந்துவிடும். திமிங்கலச் சுறாவின் காயங்கள் நாம் நினைப்பதைவிட வேகமாக ஆறுகின்றன என்பதையும், ஒரே மீனை வாரக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்து ஆய்வாளர்கள் அறிந்திருக்கிறார்கள் என்பதையும் அன்று மேலே வந்த பிறகு அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இறங்கும் முன்பே சொல்லியிருந்தால் படகில் அடுத்து நடந்த வாக்குவாதம் நடந்திருக்காது.

இரு முக்குளிப்புகளுக்கு இடைப்பட்ட ஓய்வு நேரத்தில் படகே கொதித்துக்கொண்டிருந்தது. ஏதாவது செய்திருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். ஆஸ்திரேலியாவின் நிங்கலூ கடற்பகுதியில் 2019-ல் கண்ணுக்குக் கீழே தூண்டில் முட்கள் சிக்கியிருந்த ஓர் ஆனைத்திருக்கை, முக்குளிப்பவர்களிடமே மறுபடி மறுபடி வந்து நிற்க, ஒருவர் அந்த முட்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட காணொளியை இன்னொருவர் தன் கைபேசியில் எல்லோருக்கும் காட்டினார். என் ஜோடி அதை இரண்டு முறை பார்த்தார். அந்தக் காணொளியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மீன் பிழைத்தது. ஆனால் அதைச் செய்தவர் அந்தக் கடலையும் அந்த மீனையும் நன்றாக அறிந்தவர், சிறிதளவே ஆழமான நீரில் மூச்சடக்கி இறங்கியவர், அந்த மீனும் விலகாமல் நின்றது என்னும் மூன்றையும் காணொளி பார்ப்பவர்கள் மனத்தில் வாங்கிக்கொள்வதில்லை. முக்குளிப்பு நடத்துபவர்கள் அந்த இடைவேளையில் ஒரே ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்லியிருக்கலாம்: அடுத்து எந்த மீன் எந்த நிலையில் வந்தாலும் அதை நெருங்கும் அதிகாரம் டைவ் மாஸ்டர் ஒருவருக்கு மட்டுமே. அதை யாரும் சொல்லவில்லை. உங்கள் படகில் சொல்லாவிட்டால் நீங்களே எழுந்து கேளுங்கள். கேட்டவுடன் எல்லோர் காதிலும் அது விழுந்துவிடும்.

இரண்டாவது முக்குளிப்பு 18 மீட்டரில், ஆனைத்திருக்கைகள் வந்து நிற்கும் ஒரு பவளத் திட்டில். அங்கே வாழும் சிறு மீன்கள் திருக்கையின் செவுளிலும் தோலிலும் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். அதற்காகவே அது திட்டின் மேல் வேகம் குறைத்து மிதக்கும். நாங்கள் தரையோரமாகத் தாழ்ந்து காத்திருந்தபோது வந்த ஆனைத்திருக்கையின் இடது தலைச் செட்டை விரியவே இல்லை. வாயின் இரு பக்கமும் கொம்பு மாதிரி நீளும் அந்தச் செட்டைகளை விரித்துத்தான் அது இரையை வாய்க்குள் திருப்பும். அது பக்கத்தில் வந்தபோது, செட்டையைச் சுற்றி நெருக்கமாக இறுகியிருந்த தங்கூசி நரம்பு, அதாவது தூண்டில் இழை, தெரிந்தது. அதன் மேல் பச்சைப் பாசி மயிர் மயிராக வளர்ந்திருந்ததால், அது நேற்றுச் சிக்கியதல்ல. நரம்பு சதைக்குள் அறுத்து இறங்கிய இடத்தில் ஒரு வெள்ளைப் பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தின் இரு கரைகளும் வீங்கி நரம்பை மூடத் தொடங்கியிருந்தன. மிச்ச நரம்பு வாயின் குறுக்கே போய், இறக்கை மேல் படிந்து, பின்னால் நீளமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆனைத்திருக்கைக்குப் பின்னோக்கி நீந்த முடியாது. நரம்பில் முட்டியதும் அது முன்னோக்கி உருண்டு விடுவித்துக்கொள்ளப் பார்க்கும். ஒவ்வோர் உருளலிலும் நரம்பு இன்னொரு சுற்று இறுகும். தொடர்ந்து நீந்தினால்தான் செவுள் வழியாக நீர் ஓடி அது மூச்சுவிட முடியும் என்பதால், முழுவதும் சிக்கி அசைய முடியாமற்போனால் மூச்சுமுட்டி இறந்துவிடும். ஓராண்டுக்கும் மேல் கருச்சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடும் இனம் அது. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். அவ்வளவு மெதுவாகப் பெருகும் ஒன்றின் முகத்தில் அந்தப் பாசி பிடித்த நரம்பைப் பார்த்தபோது எனக்கும் கை துடித்தது. அதை மறைக்க மாட்டேன்.

என் ஜோடி கத்தியை உருவிக்கொண்டு மேலெழுந்தார். நான் அவருடைய துடுப்பைத் தொட்டு நிறுத்தச் சைகை செய்தேன், அவர் பார்க்கவில்லை. எதிரே ஓர் ஆள் வருவதைக் கண்டதும் திருக்கை திட்டை விட்டு விலகிச் சரிவின் பக்கம் திரும்பியது. அவர் தொங்கிக்கொண்டிருந்த நரம்பைப் பிடித்தார். அடுத்த நொடியில் நரம்பு அவருடைய மணிக்கட்டில் சுற்றி, அளவுமானிக் குழாயிலும் மாட்டிக்கொண்டது. திருக்கை இறக்கைகளை ஒரு முறை அடித்து ஆழத்தை நோக்கிப் பாய்ந்தது. அவரும் அதோடு போனார். நான் சிலிண்டரை உலோகக் கம்பியால் விடாமல் தட்டி டைவ் மாஸ்டரை அழைத்தேன். அவர் மறுபக்கம் இருந்த குழுவோடு இருந்தார், ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நீருக்கடியில் கண்டுபிடிப்பது கடினம்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீனைத் துரத்துபவர் யாரும் அந்த நேரத்தில் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் ஏறத்தாழ 2400 லிட்டர் காற்று. நிதானமாக இருக்கும்போது நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 18 மீட்டரில் அழுத்தம் நீர்ப்பரப்பில் உள்ளதைப் போல் 2.8 மடங்கு என்பதால் 56 லிட்டர் செலவாகும். பதற்றமும் உழைப்பும் சேர்ந்து மூச்சு இரண்டு மடங்காகி, ஆழமும் 30 மீட்டர் ஆனால், அங்கே அழுத்தம் 4 மடங்கு. நிமிடத்துக்கு 160 லிட்டர். அரை சிலிண்டர் மீதி இருப்பவருக்கு அது எட்டு நிமிடம் கூட வராது. மேலே ஏறுவதற்கு வைத்திருக்க வேண்டிய இருப்பையும் கழித்தால், ஐந்து நிமிடத்துக்கும் குறைவு.

நரம்பு எங்கோ அறுந்தது. என் ஜோடி நீலத்திலிருந்து மேலே வருவது தெரிந்ததும் நான் 27 மீட்டர் வரை இறங்கி எதிர்கொண்டேன். அவருடைய டைவ் கம்ப்யூட்டர் அதற்கு மேலும் ஆழம் போனதைக் காட்டியது. கையைக் கழுத்துக்குக் குறுக்கே வைத்துக் காற்று இல்லை என்று காட்டினார். என் மாற்று ரெகுலேட்டரை அவர் வாயில் வைத்து, அவருடைய தோள்பட்டை வாரை இறுகப் பிடித்து, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏற முயன்றேன். வேகமாக ஏறினால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகிவிடும். அவர் மேலே பாய்ந்துவிடத் துடித்தார். அவரைப் பிடித்து நிறுத்துவதற்கே என் காற்றில் பெரும்பங்கு செலவானது. அளவுமானி முள் சிவப்புக் கோட்டுக்குள் இறங்கியபோது எனக்கு வந்த பயத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. அந்த வாயு மெல்ல வெளியேறுவதற்காக 5 மீட்டரில் நிற்கும் நிறுத்தத்துக்கு வந்தபோது டைவ் மாஸ்டர் தன் காற்றோடு எங்களை அடைந்துவிட்டார். மூன்று நிமிடம் அங்கே தொங்கிவிட்டுத்தான் மேலே வந்தோம்.

படகில் ஏறியதும் என் ஜோடி தன் கைவிரல்கள் மரத்துப்போவதாகச் சொன்னார், அது அந்தக் குமிழிகளின் அறிகுறியாக இருக்கலாம். மணிக்கட்டில் தூண்டில் நரம்பு அறுத்த காயமும் இருந்தது. படகிலிருந்த தூய ஆக்சிஜனை உடனே கொடுத்தார்கள். படகு கரைக்குத் திரும்பியது, மூன்றாவது முக்குளிப்பு யாருக்கும் இல்லை. உடலைக் கூடுதல் காற்றழுத்தத்தில் வைத்துக் குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் நலமாகிவிட்டார். எனக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், பரிசோதித்த மருத்துவர் 24 மணி நேரத்துக்கு விமானத்தில் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பல முக்குளிப்புகளுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதே பொதுவான அறிவுரை. மறுநாள் காலை விமானச் சீட்டு அப்படியே வீணாயிற்று, புதிய சீட்டு முன்பைவிட அதிக விலை. நடக்காத முக்குளிப்பின் பணத்தைத் திருப்பித் தர முடியாது, ரத்துக்குக் காரணம் பயணிகளே என்று படகு நடத்தியவர்கள் கைவிரித்துவிட்டார்கள். எனக்கு அதில் கோபம் இன்னும் தீரவில்லை. அடுத்தவர் செயலால் ரத்தானால் யார் பொறுப்பு என்ற வரி பதிவுப் படிவத்தில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். முக்குளிப்புக்கென்றே உள்ள காப்பீடு அழுத்த அறைச் செலவோடு பயண மாற்றச் செலவையும் ஏற்கிறதா என்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள். என்னுடையது முதலாவதை மட்டும் ஏற்றது.

படகு நடத்துபவர்களிடம் பதிவுக்கு முன் நான் இப்போது கேட்பது இவைதான். நரம்பில் சிக்கிய விலங்கைக் கையாளப் பயிற்சி பெற்றவர் படகில் இருக்கிறாரா, இல்லையென்றால் யாரை அழைப்பார்கள். பாதுகாக்கப்பட்ட இனத்தைத் தொடுவதற்கு அந்தக் கடற்பகுதியின் சட்டம் இடம் தருகிறதா. படகில் ஆக்சிஜன் எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரத்துக்கு வரும். மீன் மேல்மட்டத்தில் இருக்கும்போது இவர்களுடைய படகே எந்த வேகத்தில் போகும். கடைசிக் கேள்விக்குத் தடுமாறுபவர்களோடு நான் போவதில்லை. காலையில் பார்த்த ஐந்து வெட்டுகள் அதற்குப் போதும். பயிற்சி பெற்றவர்கள் செய்யும் முறையைப் பிறகு அறிந்துகொண்டபோது, அங்கே கத்திக்கு இடமே இல்லை என்று தெரிந்தது. முனை மழுங்கிய நரம்புவெட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் மட்டும் பக்கவாட்டில் மெதுவாக நெருங்குவார், மற்றவர்கள் தொலைவில் நிற்பார்கள். மீன் விலகினால் அதோடு விட்டுவிடுவார்கள். தொங்கும் நரம்பைக் கையில் சுற்றவே மாட்டார்கள். ஆழமாக இறங்கிய முள்ளைப் பிடுங்காமல் அதன் அருகே நரம்பை மட்டும் வெட்டுவார்கள்.

அன்று மாலையே இரண்டு மீன்களின் விவரங்களையும், படங்களை வைத்து மீன்களை அடையாளம் காணும் ஆய்வாளர்களின் பதிவேட்டுக்கு அனுப்பினோம். திமிங்கலச் சுறாவின் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த விண்மீன் படங்களை ஒப்பிடப் பயன்பட்ட கணக்குமுறையைத் தழுவி 2005-ல் உருவான முறை, ஷார்க்புக் என்னும் உலகளாவிய பதிவேடு அவற்றை அடையாளம் காணப் பயன்படுத்தும் முறைகளுள் ஒன்று. நாள், நேரம், ஆழம், இடம், உத்தேச நீளம், காயம் எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில், இடுப்புச் செட்டைகளின் அருகே ஆணுக்குரிய பற்றுறுப்புகள் தெரிந்தனவா என்பவற்றோடு, திருத்தாத மூலப் படங்களை அனுப்ப வேண்டும். எங்கள் சுறாவுக்குச் சில வாரங்களில் பதில் வந்தது. அது ஏற்கெனவே பதிவேட்டில் இருந்த மீன். முந்தைய படங்களில் செட்டை நுனி இல்லை, முதுகில் வெட்டுகளும் இல்லை. அந்த ஐந்து வெட்டுகள் எந்தக் காலத்துக்குள் விழுந்தவை என்பதை ஒரு படத்தால் வரையறுக்க முடிந்தது. படகு வேகத்துக்கு வரம்பு கேட்பவர்கள் கையில் அது ஒரு சான்று.

ஆனைத்திருக்கைக்கு வயிற்றுப் பக்கத்துப் புள்ளிகள்தான் அடையாளம். அது திட்டின் மேல் நின்ற அந்தச் சில நொடிகளில் நாங்கள் பக்கவாட்டில் இருந்தோம். இன்னொரு சுற்று வந்திருந்தால் எங்கள் தலைக்கு மேலே போயிருக்கும், வயிறு முழுவதும் கிடைத்திருக்கும். துரத்தியதில் அது வரவில்லை. என்னிடம் இருந்த படங்கள் எதுவும் உதவவில்லை என்று அந்தக் கடற்பகுதியின் ஆய்வுக் குழு எழுதியது. அவர்களிடம் நரம்பை வெட்டப் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள், எந்த மீனைத் தேடுவது என்பதுதான் தெரியவில்லை. அன்று படகில் வந்தவர்களின் எண்களை வாங்கி வைத்திருந்ததால் ஒவ்வொருவருக்கும் எழுதிக் கேட்டேன். மறுபக்கக் குழுவில் இருந்த ஒருவருடைய காணொளியில், அது சரிவில் திரும்பிய கணத்தில் வயிற்றின் பாதி தெரிந்தது. பாதிப் புள்ளிகளை வைத்து அதற்கு ஒரு தற்காலிக எண் கொடுத்து, இடது தலைச் செட்டையில் நரம்பு என்ற குறிப்போடு அங்கே போகும் படகுகளுக்குத் தெரிவித்திருக்கிறார்கள். கரை இறங்கியதும் எல்லோரும் அவரவர் வழியில் கலைந்துவிடுவார்கள். அதற்கு முன் படகிலேயே எண்களை வாங்கிவிடுங்கள், அன்றைய படங்கள் மங்கலாக இருந்தாலும் அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.